மஞ்சும்மல் பாய்ஸுக்கு ஐந்துக்கு மூன்று: இரவல் நகைக்கு மார்க் போடலாமா?

பூம்பாறைப் பூண்டு | வெள்ளி, இரவு 9.40

நேற்று வீட்டில் உட்கார்ந்து மஞ்சும்மல் பாய்ஸை மறுபடி பார்த்தேன். கேரளத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்த நண்பர்களில் ஒருவன் குணா குகைக் குழிக்குள் விழ, இன்னொருவன் கயிற்றில் இறங்கி மீட்கும் மலையாளப் படம் (‘குணா’ படம் எடுத்த இடம் என்பதால் குகைக்கு அந்தப் பெயர்). 2024 பிப்ரவரியில் படம் வந்தபோது மலையிறங்கிப் போய்ப் பார்த்தவன் நான். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, மறைக்கவில்லை. நேற்றும் வந்தது, அதே இடத்தில், ஏறக்குறைய அதே நொடியில். அதுதான் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

கயிற்றில் தொங்கியபடி இரண்டு பேர் குழியிலிருந்து மேலே வருகிறார்கள். ‘கண்மணி அன்போடு’ ஆரம்பிக்கிறது. நான் அழுகிறேன். சரி, என்னை அழவைத்தது யார்? படத்தை எடுத்த சிதம்பரமா, இல்லை 1991இல் ‘குணா’ படத்துக்காக வாலி எழுதி, இளையராஜா மெட்டமைத்து, கமலும் ஜானகியும் பாடிவிட்டுப் போன அந்தப் பாட்டா?

அந்தப் பாட்டு எனக்குள் முப்பது வருடத்துக்கு மேலாகக் கிடக்கிறது. அக்கா கல்யாணத்தில் ஒலிபெருக்கிக் குழாயில் கேட்டது, கோடைப் பண்பலையை வைத்துக்கொண்டு பூண்டு தரம் பிரிக்கும்போது கேட்டது, ஒருத்திக்குக் கடிதம் எழுதிக் கொடுக்காமல் கிழித்துப் போட்ட இரவில் கேட்டது எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படக்காரர்கள் அதைக் கொண்டுவந்து உச்சக்கட்டத்தின் கழுத்தில் போட்டுவிட்டார்கள். இரவல் நகை போட்டுக்கொண்டு வந்த பெண்ணைப் பார்த்து ‘என்ன களை!’ என்று சபையே சொல்கிறது. நகை யார் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

குகையும் அப்படித்தான். குகைக்குள் நடப்பதாகக் காட்டும் காட்சிகளுக்குக் கேரளத்துப் பெரும்பாவூரில் ஒரு கிடங்குக்குள் செட் போட்டார்கள். படத்தில் நம் ஊர்ப் போலீஸ் வந்தாலோ அடியும் மிரட்டலும்தான்.

ஆக, ஐந்துக்கு மூன்று. நட்புக்கு ஒன்று, மழைத்தண்ணீர் குழிக்குள் பாய்வதை உடம்பை வைத்து மறிக்கும் காட்சிக்கு ஒன்று, அந்தச் செட்டைக் கட்டியவர்களுக்கு ஒன்று. உச்சக்கட்டத்துக்குப் பூஜ்யம். திட்ட வருபவர்கள் வரிசையில் வரவும்.

பன்னிரண்டு மைல் டிரைவர் | வெள்ளி, இரவு 10.05

அண்ணே, வரிசையில் முதல் ஆள் நான்தான்.

நான் கொடைக்கானலில் பன்னிரண்டு மைல் ரவுண்டு அடிக்கிற டாக்ஸிக்காரன். அந்தப் படம் வருவதற்கு முன்னால் பார்ட்டி வண்டியில் ஏறினால் தூண் பாறை, பைன் காடு, மோயர் பாயிண்ட் என்றுதான் ஆரம்பிப்பார்கள். குணா குகை பட்டியலின் கடைசியில் இருக்கும், நேரம் இருந்தால் பார்க்கலாம் என்கிற மாதிரி. இப்போது ஏறும்போதே முதல் வார்த்தை அதுதான். கேட்டில் இறங்கி, மரத்தின் வேர்களைத் தாண்டிப் போய், கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு செல்போனில் அந்தப் பாட்டைப் போடுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தப் பாட்டைக் கேட்கிறேன் தெரியுமா? எனக்கே அலுத்துவிட்டது, ஆனாலும் நாலு மார்க் போடுவேன். படம் சோறு போட்டது, பாட்டு குழம்பு ஊற்றியது.

போலீஸ் விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சி. ஆனால் 2006இல் விழுந்த பையனைத் தூக்கியது உண்மைச் சம்பவம். ஊர் ஆட்களுக்குக் கோபம் வரும் என்பதற்காக அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

குன்னூர் கிராமபோன் | வெள்ளி, இரவு 10.52

பூம்பாறைக்காரரே, கேள்வி நல்ல கேள்வி. கணக்குதான் தப்பு.

முதலில் குகையை எடுத்துக்கொள்வோம். வேறு ஊர் நம் ஊராக நடித்துவிட்டது என்று வருத்தப்படுகிறீர்கள். எங்கள் நீலகிரிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இந்த மலை காலம் காலமாக டூப் வேலைதான் பார்த்துவந்திருக்கிறது. 1966இல் ‘அன்பே வா’ சிம்லாவில் நடக்கும் கதை. சிம்லாவோடு ஊட்டியிலும் எடுத்தார்கள். 1992இல் ‘ரோஜா’ காஷ்மீரில் நடக்கிறது. அன்றைய காஷ்மீரில் படம் பிடிக்க முடியாது என்பதால் குன்னூர், ஊட்டி, மணாலி எல்லாம் சேர்ந்து காஷ்மீராயின. என் வீட்டுக்காரி தியேட்டரில் என் கையைக் கிள்ளி, “இது நாம காய் வாங்கப் போற ரோடு மாதிரி இல்ல?” என்றாள். பின்வரிசையில் ஒருவர் ‘உஷ்’ என்றார். பயங்கரவாதிகள் வரும் காட்சி, இவள் காய் வாங்கும் ரோட்டைப் பற்றிப் பேசுகிறாள். 1998இல் ‘உயிரே’ படத்தின் ‘தைய்யா தைய்யா’ நம் மலை ரயிலின் கூரைமேல் ஆடியது. கதை நடப்பதோ வடக்கே. அப்போதெல்லாம் ஐந்துக்கு எத்தனை கொடுத்தீர்கள்? நம் மலை பிற ஊராக நடிக்கும்போது பெருமை, பெரும்பாவூர்க் கிடங்கு நம் மலையாக நடித்தால் மட்டும் மார்க் குறைப்பா?

இப்போது பாட்டுக்கு வருகிறேன். ‘குணா’வில் அந்தப் பாட்டு எங்கே வருகிறது? மனநிலை சரியில்லாத ஒருவன், ஒரு பெண்ணை அபிராமி என்று நம்பித் தூக்கிக்கொண்டு வந்து, மனித வாடை இல்லாத இடத்தில் வைத்திருக்கிறான். அவளுக்கே கடிதம் எழுதச் சொல்கிறான், எழுதத் தெரியாததால் அவளையே எழுதவைக்கிறான். அவன் கொச்சையாகச் சொல்ல, அவள் அதைப் பாட்டாக மாற்றுகிறாள். பேச்சும் பாட்டும் மாறி மாறி வருவதால்தான் அதற்கு அந்த ஈர்ப்பு. எவ்வளவு அழகான பாட்டோ அவ்வளவு சங்கடமான சூழல். சொல்லப்போனால் அவள் அங்கே கைதி.

முப்பத்து மூன்று வருடம் கழித்து அதே பாட்டை இரண்டு ஆண்களின் நட்புக்கு வைத்தார்கள். சங்கடம் கழன்றுபோய் அன்பு மட்டும் நின்றது. பாட்டை எங்கிருந்து எடுத்தார்கள் என்று பார்ப்பதைவிட எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று பாருங்கள் ஐயா. பாட்டிலிருந்த ஒரு முடிச்சை அவிழ்த்திருக்கிறார்கள். இரவல் நகைதான், ஆனால் சொந்தக்காரி போட்டுக்கொண்டதைவிட இரவல் வாங்கியவளுக்குப் பொருந்தியிருக்கிறது என்றால் என்ன செய்வது?

சந்தேகம் தீரவில்லையா? ஒலியை நிறுத்திவிட்டு அந்தப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். அழுகை வந்தால் நான்கு போடுங்கள். வராவிட்டால் நான் இரண்டு என்று எழுதுகிறேன்.

மேட்டுப்பாளையம் பாசஞ்சர் | வெள்ளி, இரவு 11.10

நகை இரவல் என்று நகைக்காரர் இளையராஜாவே படம் வந்த வருடம் மே மாதத்தில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். தயாரிப்புத் தரப்பு உரிமை வாங்கித்தான் போட்டோம் என்றது. நீங்கள் மார்க்குக்கு அடித்துக்கொள்கிறீர்கள். தூங்குங்கள் சாமி.

கேத்தி ரயிலடி | சனி, காலை 6.30

கிராமபோன் சார் சொன்னதில் பாதிக்கு மேல் சம்மதம். ஆனால் ‘மலை டூப் வேலை பார்த்தது’ என்று ஒரே போடாகப் போட்டுவிட்டீர்கள். எங்கள் ஸ்டேஷன் டூப் இல்லை. எங்கள் ஸ்டேஷன் நடித்தது.

‘மூன்றாம் பிறை’ முடிவைத்தான் சொல்கிறேன், 1982. அதைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கமலின் நடிப்பு, ஸ்ரீதேவியின் பார்வை, பாலு மகேந்திராவின் வெளிச்சம் என்று எழுதுவார்கள். கமலுக்கும் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருதே கிடைத்தது, நியாயம்தான். ஆனால் யாரும் ரயிலைப் பற்றி எழுதுவதில்லை. எங்கள் ஊட்டி மலை ரயில் வழியில் பல்சக்கரத் தண்டவாளம் குன்னூரோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஊட்டி வரை சாதாரணத் தண்டவாளம். ஆனாலும் வண்டி மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாது. கிளம்பும்போது அதைவிட எவ்வளவோ மெதுவு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நகரும் வண்டியில் பையைப் போட்டுவிட்டு நடந்தே ஏறுவோம்.

இப்போது அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். மழை, சேறு, அடிபட்ட கால், தலையில் பாத்திரம், குரங்கு வித்தை. நினைவு திரும்பிய அவளோ, தன்னைப் பார்த்துக்கொண்டவனை மறந்து, பிச்சைக்காரன் என்று நினைக்கிறாள். சமவெளியில் ஓடும் எக்ஸ்பிரஸாக இருந்தால் அவன் இரண்டு குட்டிக்கரணம் அடிப்பதற்குள் ரயில் போயிருக்கும், காட்சியும் முடிந்திருக்கும். இது மெதுவாக நகருவதால் அவனால் கூடவே ஓட முடிகிறது. கூடவே ஓட முடிவதால் நம்பிக்கை அறுவதில்லை. இதோ பார்த்துவிடுவாள், இதோ அடையாளம் தெரிந்துவிடும் என்று நம்மையும் இழுத்துக்கொண்டே போகிறது. அந்தச் சித்திரவதையின் நீளத்தை முடிவு செய்தது எங்கள் ரயிலின் வேகம். வேறு எந்த ஊரில் எடுத்திருந்தாலும் அந்த முடிவு அந்த முடிவாக இருந்திருக்காது.

கொடுமை என்னவென்றால் இதற்கு ஒரு சோதனையும் தானாகவே நடந்திருக்கிறது. அடுத்த ஆண்டே அதே இயக்குநர், அதே கமல், அதே ஸ்ரீதேவி, அதே ஊட்டிப் பக்கம், அதே இளையராஜாவை வைத்து இந்தியில் ‘சத்மா’ எடுத்தார். ‘கண்ணே கலைமானே’யின் மெட்டு இந்திச் சொற்களோடு அதே யேசுதாஸ் குரலில் வந்தது. எல்லாம் அதே. ஆனால் தமிழில் ஓடிய அளவுக்கு இந்தியில் ஓடவில்லை. ஏன்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மெட்டு மட்டும் போதும் என்றால் அங்கேயும் ஓடியிருக்க வேண்டும். காட்சி மட்டும் போதும் என்றாலும் ஓடியிருக்க வேண்டும். கண்ணதாசன் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு ‘கண்ணே கலைமானே’தான்; படம் வருவதற்குள் அவர் போய்விட்டார். தியேட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. படத்தில் இல்லாத ஒரு துக்கத்தையும் சேர்த்துத்தான் அன்றைக்குக் கேட்டார்கள். பூம்பாறை அண்ணா, நீங்கள் சொல்லும் ‘ஒட்டிக்கொண்டிருப்பது’ அங்கேயும் இருந்தது. அதற்காக மூன்றாம் பிறைக்கு மார்க் குறைப்பீர்களா?

பன்னிரண்டு மைல் டிரைவர் | சனி, காலை 6.48

கேத்தி அண்ணே, ரயில் வேகத்துக்கு நடிகர் விருது கேட்கிற முதல் ஆள் நீங்கள்தான்.

ஹட்டிக்காரி | சனி, காலை 11.15

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு குரல். ஆண்கள் எல்லோரும் மலை நடித்ததா இல்லையா என்று பேசிவிட்டீர்கள். மலை பாடியதா என்று யாராவது கேட்டீர்களா?

நான் படுகர் வீட்டுப் பெண். பேரகணியில் ஹெத்தையம்மன் பண்டிகை என்றால் வெள்ளை உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக நடந்துபோவோம். ஆட்டம் இல்லாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் இல்லை, கோவில் விசேஷம் இல்லை. வட்டமாக நின்றால் பாட்டியும் ஆடுவாள், பேத்தியும் ஆடுவாள். எங்களுக்கு முன்னோர் காலத்தில் வாசித்தவர்கள் நீலகிரிப் பழங்குடியான கோத்தர்கள். இந்த மலையில் கோத்தர்களுக்கு ஏழு ஊர். கொல் என்று ஒரு குழல், தப்பட்டை, கொம்பு. அவர்கள் வாசிக்காமல் அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சாவுச் சடங்கு நடந்ததில்லை. எங்கள் ஆட்கள் பிறகு அதை விட்டுவிட்டார்கள். அது தனிக் கதை, எங்களுக்குப் பெருமை சேர்க்கிற கதையும் இல்லை.

இவ்வளவு படம் இங்கே எடுத்திருக்கிறார்களே, ஒன்றிலாவது அந்தக் கொல் கேட்டிருக்கிறதா? கதாநாயகன் காட்டுக்குள் போனால் உடனே ‘மலைவாசிப் பாட்டு’ ஒன்று வரும். இறகு, வைக்கோல் பாவாடை, ‘ஓஹோ ஓஹோ’ என்று ஒரு கோரஸ். அந்த உடையில் இந்த மலையில் யாரையும் நான் பார்த்ததில்லை, என் அப்பத்தாவும் பார்த்ததில்லை. கிராமபோன் சார், முடிச்சு அவிழ்ந்தது என்று அழகாகச் சொன்னீர்கள். இந்த முடிச்சை யார் போட்டது?

கிட்டே வந்தது ‘தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் ஒன்றுதான். முதுமலைத் தெப்பக்காடு யானை முகாம், யானையை வளர்க்கும் பொம்மன், பெள்ளி, யானைக்குட்டி ரகு, எல்லாம் உள்ளபடி. காட்டுநாயக்கர் வாழ்க்கையை இறகு மாட்டாமல் காட்டினார்கள். 2023இல் ஆஸ்கர் வாங்கியபோது நானும் கை தட்டினேன். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? அதிலும் பின்னணி இசை கொஞ்சம் அதிகம். யானை தண்ணீர் குடிக்கிறது, அந்தச் சத்தத்தை விடுங்களேன், அதற்கு எதற்கு வயலின்?

லயத்துப் பேரன் | சனி, மதியம் 1.20

அக்கா, இறகு விஷயத்தில் உங்களோடு கைகோர்க்கிறேன். ‘மலையின் பாட்டு’ என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. எந்த மலையின் பாட்டு, யாருடைய பாட்டு?

எங்கள் ஆட்கள் இந்த மலையில் பிறந்தவர்கள் இல்லை. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு கொடுத்தார்கள். எங்கள் ஆச்சி கடைசி வரை அதை ‘லயம்’ என்றுதான் சொன்னாள். பெட்டியில் அவள் கொண்டுவந்தது ரெண்டு சேலையும் ஒரு ரேடியோவும். அந்த ரேடியோவில் இலங்கை வானொலியைத் திருகிப் பிடிப்பாள். மழை நாளில் கொரகொரவென்று இரைச்சல், அதற்குள்ளிருந்து ஒரு சினிமாப் பாட்டு எட்டிப் பார்க்கும். அறிவிப்பாளர் அப்துல் ஹமீது பேசினால் வீட்டில் யாரும் இருமக்கூடாது. விட்டுவந்த நாட்டிலிருந்து, போகாத மெட்ராஸின் பாட்டு, பழகாத மலையில் கேட்கிறது. ஆச்சிக்கு ஊர் என்றால் அதுதான். அவளிடம் போய் இது மலையின் இசை இல்லை, சினிமாப் பாட்டு என்று சொல்ல முடியுமா?

இன்னொன்று. இளையராஜாவை மலைக்கு வெளியிலிருந்து வந்தவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் பிறந்த பண்ணைப்புரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது. அவருடைய அண்ணன் பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளிகள் நடுவில் பாடியவர். அண்ணன் பின்னால் ஆர்மோனியத்தோடு மேடை ஏறியவர்தான் தம்பி. தோட்டத்து ஆட்கள் எந்தச் சுதிக்குத் தலையாட்டுவார்கள் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ படத்தில் அவர் பல இடங்களில் வாசிக்காமல் விட்டதைக் கேளுங்கள். காற்றும் செருப்புச் சத்தமும்தான். உங்கள் வயலின் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது.

தேயிலை என்றதும் பச்சைக் கம்பளம், டூயட் என்று எடுத்த படங்களுக்கு எங்கள் வீட்டில் மார்க்கே கிடையாது. தேயிலைத் தோட்டக் கொத்தடிமைகளின் கதையான ‘பரதேசி’யை ஆச்சி பாதியில் அணைக்கச் சொல்லிவிட்டாள். நன்றாக இல்லை என்பதற்காக இல்லை.

ஹட்டிக்காரி | சனி, மதியம் 1.55

தம்பி, ஆச்சியின் ரேடியோவுக்கு முன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் கொல் கேட்க வேண்டும் என்பதை வாபஸ் வாங்கமாட்டேன். ரேடியோவும் இருக்கட்டும், கொல்லும் இருக்கட்டும். இடம் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை இன்று இரவு பார்க்கிறேன்.

இந்துநகர் இருட்டறை | சனி, மாலை 5.30

எல்லோரும் பாட்டு, ரயில், குகை என்று இரவல் கணக்குப் பார்க்கிறீர்கள். இந்த மலை கொடுத்த ஒன்றை மறந்துவிட்டீர்கள்: ஃபிலிமே கொடுத்தது.

என் அப்பா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தார். 1960இல் தொடங்கிய கம்பெனி, 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளைச் சினிமா ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், போட்டோ தாள் எல்லாம் ‘இந்து’ என்ற பெயரில் போனது. எங்கள் நகருக்கும் அந்தப் பெயர்தான். இங்கே ஏன் என்றால் குளிர், தூசியில்லாத காற்று, நல்ல தண்ணீர். ஃபிலிமில் மருந்து பூசும் இடத்தில் வெளிச்சம் கூடாது. அப்பா வருடக்கணக்கில் இருட்டில் நடந்து பழகியவர். வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் தீப்பெட்டி தேடிக்கொண்டிருப்போம், அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துவிடுவார்.

அப்பாவிடம் ஒருமுறை எந்தப் படம் பிடிக்கும் என்று கேட்டேன். “படம் ஓடுறப்ப கீறல் விழுதான்னுதான் பாப்பேன், கதை கவனிக்க மாட்டேன்” என்றார். அவரிடம் மார்க் கேட்டால் ஐந்துக்கு ஐந்து கீறல் இல்லாத பிரிண்டுக்குப் போகும். மஞ்சும்மல் பாய்ஸில் ஃபிலிமே கிடையாது என்பதால் அவர் கணக்கில் அது படமே இல்லை!

குன்னூர் கிராமபோன் | சனி, மாலை 6.10

இருட்டறை அம்மா, இதைத் தனியாக எழுதுங்கள். இரண்டு பத்தியில் முடிக்க வேண்டிய விஷயம் இல்லை.

ஹட்டிக்காரி அம்மணி, முடிச்சு பற்றிக் கேட்டீர்கள். நியாயம். நான் ‘சங்கடம் கழன்றது’ என்று சொன்னது பார்க்கிறவனுக்கு வசதியாக இருந்தது என்பதைத்தான் சொல்கிறதோ என்று இரவு யோசித்தேன். கழன்ற சங்கடம் எங்கேயாவது கிடக்கத்தானே செய்யும்?

கேத்தி ரயிலடி, சத்மா பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஓடியதும் ஓடாததும் படத்தின் தரத்தைக் காட்டுவதில்லை என்பது மட்டும் தெரியும். குணாவே சாட்சி. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் குணாவும் ஒரே நாளில் வந்தன. இரண்டுக்கும் இளையராஜாதான். ஊரெல்லாம் தளபதிக்குப் போனது. நானும்தான் போனேன், குணாவை மூன்றாவது வாரம் காலி நாற்காலிகளுக்கு நடுவில் பார்த்தேன். வெளியே வரும்போது என் நண்பர் ஐந்துக்கு ஒன்றரை என்றார். இன்றைக்கு அவர் அதைச் சொன்னதாகவே ஒப்புக்கொள்வதில்லை.

பூம்பாறைக்காரர் எங்கே? ஒலியை நிறுத்திப் பார்த்தீரா?

பூம்பாறைப் பூண்டு | ஞாயிறு, இரவு 8.15

பார்த்தேன். தோற்றேன் என்றும் சொல்ல முடியவில்லை, ஜெயித்தேன் என்றும் சொல்ல முடியவில்லை.

ஒலியை நிறுத்திவிட்டு ஓடவிட்டேன். கயிறு நகர ஆரம்பித்ததும் பாட்டு எனக்குள்ளேயே ஓட ஆரம்பித்துவிட்டது, முதல் வரியிலிருந்து, கமல் குரலில். தலையை ஆட்டினேன், கண்ணை மூடித் திறந்தேன், நிற்கவில்லை. டிவியின் சத்தத்தை நிறுத்தலாம், இதை எந்தப் பட்டனை வைத்து நிறுத்துவது? ஆக, சார் சொன்ன சோதனையை என்னை வைத்து நடத்த முடியாது.

ஆனால் ஒன்று பார்த்தேன். சத்தம் இருந்தபோது என் கண் தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பேரையே பார்த்துக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாதபோது மேலே இழுப்பவர்களைப் பார்த்தது. அந்தக் கைகள், கயிற்றில் வழுக்கும் கால்கள், இழுத்துக்கொண்டே அழுகிற ஒருவன். அவர்களை இதற்கு முன்னால் இரண்டு தடவையும் நான் சரியாகப் பார்க்கவே இல்லை. பாட்டு என் கண்ணை வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தது. அவர்களுக்கு அரை மார்க். மூன்றரை.

அடுத்ததாக என் மகளை வைத்துச் சோதித்தேன். பன்னிரண்டு வயது, குணா என்றால் குகையின் பெயர் என்றுதான் அவளுக்குத் தெரியும். சத்தத்தோடு காட்டினேன். அழுதாள், நான் அழும் அதே இடத்தில். பழைய ஞாபகம் எதுவும் ஒட்டாத பிள்ளை. என் இரவல் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போனது. “இது பழைய படத்துப் பாட்டு தெரியுமா?” என்று கேட்டேன். “இல்லப்பா, இந்தப் படத்துப் பாட்டுதான்” என்று என்னையே திருத்துகிறாள்.

பன்னிரண்டு மைல் டிரைவர் | ஞாயிறு, இரவு 8.22

அரை மார்க்குக்கு மூணு நாளா அண்ணே! கேட்டில் நிற்கிற கூட்டத்தில் பாதிப்பேர் உங்கள் பொண்ணு சொன்னதைத்தான் சொல்வார்கள். நானும் ஆரம்பத்தில் திருத்தினேன். இப்போது விட்டுவிட்டேன், வண்டியை எடுக்க லேட்டாகிறது.

ஹட்டிக்காரி | ஞாயிறு, இரவு 8.40

பேரன் தம்பி, மேற்குத் தொடர்ச்சி மலை பார்த்தேன். நீங்கள் சொன்ன செருப்புச் சத்தம் கேட்டது. நன்றி.

பூம்பாறை அண்ணா, பிள்ளைக்குக் குணா காட்டப் போகிறீர்களா?

குன்னூர் கிராமபோன் | ஞாயிறு, இரவு 8.47

படம் முழுக்க இப்போது வேண்டாம் ஐயா. சின்னப் பிள்ளை, கதை கனமானது. பாட்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள்.

பூம்பாறைப் பூண்டு | ஞாயிறு, இரவு 9.30

இப்போதுதான் போட்டுக் காட்டினேன். வாயைத் திறந்தபடி பார்த்தாள். முதல் சரணம் முடிவதற்குள், “அந்த அக்கா ஏன் வீட்டுக்குப் போகாம அங்கேயே இருக்காங்க?” என்று கேட்டாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.